கான்ட்ராக்ட் முடிஞ்சா டெலிவரியா, இ.எஸ்.ஐ. நிவாரணமா?

சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் முடிஞ்சு ரூமில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிகள் எல்லார்கிட்டயும் இப்ப இதே கேள்விதான்.

இ.எஸ்.ஐ.யின் அடல் பீமித் திட்டம் 2018-ல் வந்தது. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம், கொரோனா சமயத்தில் 50 ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், அதுவும் ஆயுசுக்கு ஒரே தடவை. 15,000 வாங்கினவருக்கு மாசம் 7,500 வரும். ஆனா வேலை போய் 30 நாள் கழிச்சுத்தான் கேட்கவே முடியும். அதுவரை ரூம் வாடகை யார் கொடுப்பா?

சரின்னு டெலிவரி பையை மாட்டினா, வேலையில்லாதவர் என்ற தகுதி போச்சு. ஆப் கம்பெனியைக் கேட்டா நீங்க தொழிலாளியே இல்ல, 'பார்ட்னர்'! இ.எஸ்.ஐ. பிடித்தமும் கிடையாது.

(மாநில அரசின் உதவித்தொகை பட்டதாரிக்கு மாசம் 600. பி.இ. முடிச்ச நமக்கு அதுவும் இல்லை!)

இ.எஸ்.ஐ. பிடிக்கிற மூணு மாச வேலை கிடைச்சா தயங்காம போங்க, பங்களிப்பு நாள் சேரும். பார்ட்னர் வேலைன்னா பெட்ரோல், வண்டி டியூ கழிச்சு கையில என்ன நிக்குதுன்னு பார்த்துட்டு முடிவெடுங்க.

ஜெர்மனியில் உதவித்தொகை வாங்கிக்கிட்டே வாரம் 15 மணி நேரத்துக்குள் வேலை பார்க்கலாம். மாசம் 165 யூரோ வரை அதில் கை வைக்க மாட்டார்கள். நம்ம சம்பளத்தில் பிடிச்ச காசுக்கும் அப்படி ஒரு வரம்பை ஒன்றிய அரசு உடனே அறிவிக்கணும். பார்ட்னர்களையும் இ.எஸ்.ஐ.க்குள் கொண்டு வரணும்.