தண்ணீரின் வழியைத் தண்ணீருக்கே விடுங்கள்: பல்லாவரம் வட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தாம்பரம் மாநகராட்சி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், நீர்வளத் துறை.

2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்து மாநகராட்சி ஆயின. வீடுகள் அடுக்கடுக்காக எழுகின்றன. தண்ணீர் இன்னும் பல தெருக்களுக்கு லாரியில்தான் வருகிறது.

எங்கள் முதல் கோரிக்கை பல்லாவரம் பெரிய ஏரி. மற்ற எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் இதை விரிவாகவே சொல்கிறோம். துரைப்பாக்கம் ரேடியல் சாலை இந்த ஏரியை இரண்டாகப் பிளந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஊர்க்குப்பையும் இதில் கொட்டப்பட்டது. இங்கே நிரம்பும் உபரிநீர் கீழ்க்கட்டளை ஏரிக்கும், அங்கிருந்து நாராயணபுரம் ஏரிக்கும், கடைசியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் போய்ச் சேரவேண்டியது. பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததில் எங்களுக்கும் பெருமை உண்டு. தலைமடையைக் குப்பையால் தூர்த்துவிட்டுக் கடைமடையை எப்படிக் காப்பாற்ற முடியும்?

பழைய வருவாய்ப் பதிவேட்டின்படி ஏரியை அளந்து எல்லைக்கல் நடுங்கள். சர்வே எண்களை வார்டு அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். நடைபாதையும் அலங்கார விளக்கும் பிறகு வரட்டும். வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும் முதலில் திறக்கட்டும். ஆக்கிரமிப்பை அகற்றும்போது குடிசைகளை மட்டும் இடித்துப் பெரிய சுற்றுச்சுவர்களை விட்டுவைப்பதை ஏற்கமாட்டோம். வீடிழப்போருக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கும் பெற்றோரின் வேலைக்கும் பக்கத்திலேயே மாற்றுவீடு வேண்டும்.

2024 டிசம்பரில் பல்லாவரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்ற கேள்வி அன்று எல்லோர் வாயிலும் இருந்தது. வாரந்தோறும் தெருக்குழாய் நீரைச் சோதித்து, முடிவை அந்தத் தெருவிலேயே ஒட்டுங்கள். தெரு ராணுவக் கன்டோன்மென்ட் நிர்வாகத்தைச் சேர்ந்ததோ மாநகராட்சியைச் சேர்ந்ததோ, புகாருக்குப் பதில்சொல்ல ஒரே அதிகாரி இருக்கவேண்டும். தோல் தொழிற்சாலைகளை ஒட்டி வாழும் நாகல்கேணி, பம்மல் மக்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் சோதியுங்கள்.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த திட்டத்தில் ஏரியும் கால்வாயும் முதலில் வரையப்படட்டும், மனைகள் அதற்குப் பிறகு. குடிநீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று எழுத்தில் காட்டாத எந்த அடுக்குமாடிக்கும் அனுமதி கூடாது. 2015 வெள்ளத்தில் அடையாறு புகுந்த அனகாபுத்தூர்ப் பகுதிகளில் இது இன்னும் கண்டிப்பாக வேண்டும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கழிப்பறையும் குப்பை அள்ளும் ஏற்பாடும் வேண்டும். வியாபாரிகளை அங்கிருந்து விரட்டக் கூடாது.

2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் மக்களோடு உட்கார்ந்தார். இந்தக் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலை, செய்துமுடிக்கும் தேதியோடு, எங்கள் வார்டுகளின் அடுத்த பகுதி சபையில் வாசியுங்கள்.