வீட்டு சர்வர்: நீங்கள் திறந்த கதவு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது?

வேலை மதுரை வடபழஞ்சி ஐடி பூங்காவில். அப்பா, அம்மா திருமங்கலத்தில். வாசல் கேமராவை ஆபீஸிலிருந்தே பார்க்கிறோம். பழைய லேப்டாப்பை சர்வராக்கி குடும்பப் படங்களை எல்லாம் அதில் போட்டு வைக்கிறோம். நல்ல வசதிதான். ஆனால், இதற்காக ரூட்டரில் திறந்துவிட்ட 'போர்ட்' நமக்கு மட்டுமா திறந்திருக்கிறது?

போர்ட் என்றால் என்ன?

ஐபி முகவரி ஒரு கட்டடம் என்றால், போர்ட் என்பது அதன் கதவு எண். 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. பாதுகாப்பான இணையதளத்துக்கு 443, தொலைவிலிருந்து கட்டளையிடும் எஸ்எஸ்எச்சுக்கு 22, விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கு 445. கதவுக்குப் பின்னால் ஏதாவது ஒரு மென்பொருள் பதில் சொல்லக் காத்திருந்தால், அந்த போர்ட் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம்ம வீட்டுக்கு யார் வரப்போறா?

ஆள் யாரும் தேடி வருவதில்லை. தானியங்கி நிரல்கள் ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. திறக்கிற கதவில் நுழைகின்றன. 2016-ல் 'மிராய்' இப்படித்தான் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. டெல்நெட் போர்ட்டைத் தட்டி, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டுகளையே போட்டுப் பார்த்தது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் முடக்கியது. 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாதவர்கள்தான் மாட்டினார்கள். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்', இணையத்துக்குத் திறந்திருந்த கியூநேப் சேமிப்பகங்களைப் பூட்டி பிட்காயின் கேட்டது.

ஆக, போர்ட் திறப்பதே தப்பு இல்லை. பின்னால் இருப்பது அப்டேட் ஆகாத மென்பொருளா, பாஸ்வேர்ட் லேசானதா, திறந்திருப்பதே நமக்குத் தெரியாதா? ஆபத்து இந்த மூன்றில்தான்.

இன்றைக்கே என்ன செய்யலாம்?

ரூட்டர் செட்டிங்ஸில் 'போர்ட் ஃபார்வர்டிங்' பட்டியலைப் பாருங்கள். தெரியாததை நீக்குங்கள். 'யுபிஎன்பி' இருந்தால் அணைத்துவிடுங்கள். கேமரா போன்ற சாதனங்கள் உங்களைக் கேட்காமலே கதவு திறக்கும் வழி அது.

ரூட்டர், கேமரா, சர்வர் மூன்றுக்கும் பாஸ்வேர்டை மாற்றி, அப்டேட் செய்யுங்கள். எஸ்எஸ்எச்சுக்கு பாஸ்வேர்டுக்குப் பதில் கீ பயன்படுத்துங்கள்.

வெளியிலிருந்து பார்க்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் திறக்காமல், வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக உள்ளே வாருங்கள்.

பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதால், வெளியாள் நேராக உள்ளே வர முடியாது. அதை நம்பி இருந்துவிட முடியாது. ஐபிவி6-ல் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கலாம். ரூட்டரின் ஃபயர்வால் 'ஆன்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

பொறுப்பு நமக்கு மட்டுமல்ல. கேமரா மாட்ட வருபவர், போனில் படம் தெரிந்ததும் கிளம்பிவிடுகிறார். பாஸ்வேர்டை மாற்றி, எந்த போர்ட்டைத் திறந்தார் என்று சொல்லிவிட்டுப் போவதும் அந்த வேலையில் அடக்கம். திருமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்கு இதைக் கேட்கத் தெரியாது. அவருக்காக நாம்தான் கேட்க வேண்டும்.