கருக்கலைப்பு எதிர்ப்பு: கத்தோலிக்கர்களுக்குள் ஏன் இந்தச் சண்டை?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வாழும் கத்தோலிக்கர்கள் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டு டிவியில் மாதா டிவி ஓடும். கையிலிருக்கும் போனில் அமெரிக்காவின் இடபிள்யூடிஎன் வரை எல்லாமே கிடைக்கும். எதைப் போட்டாலும் கருக்கலைப்பு பாவம்தான். அதில் கருத்து வேறுபாடு இல்லை. சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. ‘உயிர்’ என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் வருவார்கள்? திருச்சபை சார்பில் அதைப் பேசுவது யார்?

உரசல் அமெரிக்காவில்தான் வெளிப்படையாக வெடித்தது. கருக்கலைப்பு எதிர்ப்பே தங்களது தலையாய பணி என்று 2019-ல் அந்நாட்டு ஆயர்கள் எழுதினார்கள். அப்படியென்றால் வறுமையும் பருவநிலையும் இரண்டாம் பட்சமா என்று அந்த அவையிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. 2021-ல் ஸ்லோவாக்கியா போன போப் பிரான்சிஸ், தன்னையும் திருச்சபையையும் ஓயாமல் தாக்கும் ஒரு பெரிய கத்தோலிக்க டிவியைக் கடுமையாகச் சாடினார். பெயர் சொல்லவில்லை, இடபிள்யூடிஎன் என்றே பலரும் புரிந்துகொண்டார்கள்.

பிராங்க் பவோனே கதை இன்னும் மோசம். கருக்கலைப்பு எதிர்ப்பில் புகழ்பெற்ற இந்தப் பாதிரியார், 2016 தேர்தல் நேரத்தில் கலைக்கப்பட்ட ஒரு சிசுவின் உடலைப் பீடத்தில் கிடத்தி, பேஸ்புக் நேரலையில் டிரம்புக்கு ஆதரவு கேட்டார். சமூக ஊடகப் பதிவுகளையும் கீழ்ப்படியாமையையும் காரணம் காட்டி 2022-ல் வத்திக்கான் அவரது குருத்துவ நிலையைப் பறித்தது. காக்க வேண்டிய உயிரையே பிரச்சாரப் பொருளாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தியாவில் இந்தப் பிரச்சாரம் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971 ஆகஸ்ட் 10-ல் வந்தது. அது 50 ஆண்டைத் தொட்ட 2021 ஆகஸ்ட் 10-ஐ இந்தியத் திருச்சபை துக்க நாளாக அனுசரித்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் டெல்லியில் பேரணி. இதற்கிடையே 2021 திருத்தம் சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி தந்தது. திருமணமாகாத பெண்களுக்கும் அது பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தின் பிரச்சினை 1971 சட்டம் மட்டும்தானா? 2011 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 896 பேர்தான். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-லேயே தடை செய்தாச்சு. அப்புறமும் இந்த நிலை என்றால், குற்றவாளி சட்டமா, வரதட்சணையா, ‘இதுவும் பொண்ணா?’ என்ற கேள்வியா?

எல்லாவற்றையும் ‘உயிர்’ கணக்கில் சேர்த்தால் கருவிலுள்ள குழந்தை மறக்கப்பட்டுவிடும் என்பது மறுதரப்பின் பயம். அது நியாயமான பயம்தான். ஆனால் 2018-ல் போப் பிரான்சிஸ் எழுதிய மடல், கருவிலுள்ள உயிரைத் தெளிவாகவும் உறுதியாகவும் காக்கச் சொல்லிவிட்டு, ஏழைகளின் உயிரும் அதேபோல் புனிதம் என்கிறது. 2020 ஜூலை 1-ல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் பாதுகாப்பு ‘அரசியல்’, கரு மட்டும் ‘விசுவாசம்’ என்று இந்த ஊரில் பிரித்துப் பேசுவது கஷ்டம்.

ஆகஸ்ட் 10-க்கு இங்கே கூட்டம் போடுபவர்கள் அந்த 896-லிருந்தே பேச்சைத் தொடங்கலாம். தொழிலாளி வீட்டுப் பெண்ணை மேடை ஏற்றிப் பேச விடலாம். அமெரிக்க வீடியோவை மொழிபெயர்த்துப் போடுவதைவிட அது சிரமமான வேலைதான்.