பெயிண்டுக் கறை போக்குவது எப்படி?



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கி, மழையும் சற்று ஓய்ந்ததும், ஆத்தூர் வட்டாரத்து வீடுகளில் ஏணியும் வாளியும் வெளியே வந்துவிடும். வெற்றிலைக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் சுண்ணாம்பை அறியாத இல்லம் இல்லை. ஆனால், சுண்ணாம்பு அடித்த சுவர்களில் இன்று எமல்ஷனும், கதவுகளில் எனாமலும் ஏறிவிட்டன. ஆகவே கறை போக்கும் முறையும் மாறவேண்டும்.

முதலில் பெயிண்டின் வகையை அறிதல் வேண்டும். எமல்ஷனும் டிஸ்டெம்பரும் நீரில் கரைவன. ஈரம் உலருமுன் துணியின் பின்புறமாகக் குளிர்ந்த நீரை ஊற்றிச் சோப்பிட்டு அலசினால் கறை விலகும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நாம் ஒருமுறை விட்டுவைத்த மேசைவிரிப்பு, விடிவதற்குள் தோல்போல் இறுகிவிட்டது. பின்னர் எவ்வளவு துவைத்தும் பயனில்லை.

எனாமல் எண்ணெய் வகையைச் சேர்ந்தது, நீருக்கு இணங்காது. பருத்தித் துணியாயின் அடியில் பழந்துணி வைத்து, டர்பன்டைன் தோய்த்த பஞ்சினால் ஒற்றி எடுக்கவேண்டும். தேய்த்தால் கறை பரவும். பின்பு சோப்பிட்டுத் துவைக்கலாம். சாயத்துணியாயின் உள்மடிப்பில் சோதித்துப் பார்த்தல் நன்று. பட்டுச் சேலையைச் சலவை நிலையத்தில் ஒப்படைப்பதே நலம்.

சன்னல் கண்ணாடியில் தெறித்ததைச் சோப்பு நீரால் நனைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். கையில் பட்ட எனாமலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

கறையினும் கவனிக்கவேண்டியவர்கள் குழந்தைகளே. டர்பன்டைனைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைத்தல் பெருந்தவறு. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால், தாமதியாமல் நல்ல நீரால் நெடுநேரம் கழுவியபின் மருத்துவரை நாடுங்கள்.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவுகளை உலர்வாகச் சுரண்டினால் ஈயத்தூள் பறந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து அப்புறப்படுத்துங்கள்.

டர்பன்டைன் தோய்ந்த துணியை அடுப்பருகே குவித்துவைக்காதீர்கள். டப்பாவைத் திறக்குமுன்பே ஒரு வாளி நீரும், சோப்பும், பழந்துணியும் அருகில் இருக்கட்டும். குழந்தைகள் அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும்!