கருவி காதில் இருந்தால் போதுமா?

காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்துவது இன்று ஏழைக்கு எட்டாத காரியமல்ல. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும், ஆந்திராவில் 2007-ல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய திட்டத்திலும், மத்திய அரசின் ஆதிப் திட்டத்திலும் அதற்கு வழி உண்டு. பல லட்ச ரூபாய்ச் செலவை அரசாங்கம் ஏற்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

காதின் மேல் மாட்டும் கருவி ஒலியை வாங்கி அனுப்ப, உட்செவியில் வைத்த மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன. எந்த முனைக்கு எவ்வளவு மின்சாரம் என்பதைக் கேட்டல் நிபுணர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளந்து அமைக்க வேண்டும். முதல் வருஷத்தில் இதற்குப் பல தடவை போக வேண்டும். பிறகும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். இத்துடன் பேச்சுப் பயிற்சி வேறு.

ரேணிகுண்டாவிலிருந்து சென்னை சுமார் 135 கிலோமீட்டர். போக வர ஒரு பகல் போய்விடும். குமாஸ்தாவுக்கு அது ஒரு நாள் லீவு. கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம். இரண்டு தடவை தள்ளிப்போட்டால் மூன்றாவது தடவை மறந்தே போகிறது. கருவி பெட்டிக்குள் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் கைப்பேசி கைகொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனம் 'ரிமோட் செக்' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கருவி பொருத்திய இடத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் எண்களைக் கேட்டுக் குறிக்கலாம். மின்முனைகள் சரியாக இருக்கின்றனவா, கருவியைத் தினம் எத்தனை மணி நேரம் மாட்டுகிறார்கள் என்பதும் நிபுணருக்குத் தெரிந்துவிடும். அவர் பார்த்து, 'வர வேண்டாம்' என்றோ 'உடனே வாருங்கள்' என்றோ சொல்லலாம்.

இதற்கு எல்லை உண்டு. முதல் தடவை கருவியை இயக்கி அமைப்பதற்கு நேரில்தான் போக வேண்டும். கைக்குழந்தையால் எண்களைக் கேட்டுச் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ரகக் கருவிகளும் எளிய ரகக் கருவிகளும் கைப்பேசியோடு சேர்வதில்லை. இலவசத் திட்டத்துக்குக் கருவி வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால், தொலைவில் இருப்பவருக்கே இந்த வசதி கிடைக்காமல் போகும்.

நமக்கு மொழி விஷயம் ஒன்றும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. புதிதாகக் கேட்கத் தொடங்கும் குழந்தைக்குத் தாய் பேசும் மொழியில் பயிற்சி தர, தமிழ் தெரிந்த பயிற்சியாளர் கைப்பேசித் திரையில் வந்தாலும் போதும். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிலையம் தொலைவழிப் பயிற்சி நடத்தி வருகிறது. ஆகவே இது நடக்காத யோசனையல்ல.

அரசாங்கங்கள் செய்ய வேண்டியது மூன்று. கைப்பேசியோடு சேரும் கருவியையே வாங்க வேண்டும். செயலியும் சோதனையும் தமிழிலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும். தொலைவழிச் சோதனைக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவை, குடும்பம் எல்லை தாண்டி வசித்தாலும், காப்பீடு ஏற்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று. கருவியை வாங்கும் அன்றே, 'இது கைப்பேசியோடு சேருமா?' என்று கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.