கண்ணுக்குத் தெரியாத குழாய்

ஓசை மிகுந்தால் ஊக்கம் மிகுந்தது என்று எண்ணும் இளைஞர் நம் எல்லைப்புற ஊர்களில் பெருகி வருகின்றனர். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மாலை வேளையில் சாலையோரம் நின்று பாருங்கள். கே.எல். 19, கே.எல். 20, மார்த்தாண்டத்து டி.என். 75 ஆகிய எண்களைத் தாங்கிய வண்டிகள் புகைக்குழாயை மாற்றிக்கொண்டு முழங்கிச் செல்லும். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எல்லை வகுத்தனர். வண்டிப் பித்துக்கு மட்டும் வகுக்க மறந்தனர் போலும்!

அவர்கள் செலவழிக்கும் பொருளில் ஒரு சிறு பங்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய்க்குச் செல்லுமாயின் எத்துணை நன்று! கையால் கியர் மாற்றும் விரைவுக் கார்களின் கிளட்ச் குழாயைத்தான் சொல்கிறேன்.

மிதியை அழுத்தினால், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய் வழியே ஸ்லேவ் சிலிண்டருக்குப் பாய்ந்து, அங்குள்ள பிஸ்டனைத் தள்ளிக் கிளட்சை விடுவிக்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் குறையாது பரவும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் காட்டிய உண்மையே இது. ஆனால் பல கார்களில் இடையில் இருப்பது ரப்பர்க் குழாய். நாட்பட நாட்பட அது நெகிழ்கிறது, அழுத்துந்தோறும் பருக்கிறது. தள்ள வேண்டிய திரவத்தில் ஒரு பகுதி இந்தப் பருமனிலேயே வீணாகிறது. கிளட்ச் முழுதும் விடுபடாவிடில் கியர் பற்கள் உரசி அலறும். டெஃப்ளான் குழாயின்மேல் துருவேறா எஃகுக் கம்பிப் பின்னலைப் போர்த்திய குழாய் அவ்வளவு எளிதில் பருக்காது. கிளட்ச் எவ்விடத்தில் பற்றுகிறது என்பதைக் கால் தெளிவாக உணரும்.

இதனால் குதிரைத்திறன் கூடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு துளியும் கூடாது. இன்னொன்று: சில கார்களில் கிளட்ச் திடுமெனப் பற்றாதிருக்க, திரவ ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு சிறு வால்வை உற்பத்தியாளரே வைத்திருப்பர். குழாயோடு அதையும் நீக்கிவிட்டால், அமரவிளையிலிருந்து களியக்காவிளை வரை நின்று நின்று ஊரும் நெரிசலில், பழகாத கால் வண்டியைக் குலுக்கி எடுத்துவிடும்.

அதைவிடப் பெருங்குறை, புதுக் குழாய்க்குப் பணம் தருவோர் பழைய திரவத்தை மறந்துவிடுவது. கிளட்சுக்கும் பெரும்பாலும் பிரேக் திரவமே ஊற்றப்படுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டில் இரு பருவமழை காணும் நம் மண்ணில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 வகைக்கு விதித்த குறைந்த அளவுக் கொதிநிலை புதிதில் 230 பாகை செல்சியஸ். ஈரமேறிய நிலையில் 155தான். உள்ளே சிலிண்டர் அரித்துப்போகும். ரப்பர் வளையங்கள் கெடும். கெட்டபின் எஃகுப் பின்னல் என்ன செய்யும்? உதியன்குளங்கரைச் சந்தை நெரிசலில் கியரை விடுவிக்க வழியின்றி வண்டி நின்றால், பின்னால் வரும் ஆம்புலன்சுக்கு யார் விடை சொல்வது?

ஆதலின், ரப்பரில் வெடிப்போ வீக்கமோ கண்டால் தயங்காமல் குழாயை மாற்றுங்கள். இல்லையேல், முதலில் திரவத்தை மாற்றிக் காற்றை முற்றும் வெளியேற்றி, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மிதி தளர்ச்சி பாதிக்குமேல் அதிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. மாற்றித்தான் ஆகவேண்டும் எனில் செம்பு வளையங்களும் புதியனவாக இருக்கட்டும். பின்னல் மின்கம்பிகளை உரசாதபடி உறை போடச் சொல்லுங்கள். புகைக்குழாய் அதுவரை வாய் மூடியிருக்கட்டும்.