அப்பாவோட ரெக்கார்டு பிளேயர்: விக்கலாமா, ரிப்பேர் பண்ணலாமா? ஒரு ஆடிட்டரோட கணக்கு

போன மாசம் வீடியோவுல என் பின்னாடி இருந்த பழைய ரெக்கார்டு பிளேயரைப் பார்த்துட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "மேடம், பழைய இசைத்தட்டுக்கெல்லாம் இப்போ நல்ல விலையாமே, இது நல்ல இன்வெஸ்ட்மென்ட்டா?"

என் பதில்: இல்லை. ஆனா அதுக்காக எடைக்குப் போட்டுடாதீங்க. ரெண்டுக்கும் காரணம் சொல்றேன்.

அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. திருச்சி வீட்டுப் பரண்ல அவர் 1982-ல வாங்கின பிளேயரும் 140 ரெக்கார்டும் இருந்துச்சு. பழைய பொருள் வாங்கற ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "மொத்தமா 12,000 தரேன்"னார். தம்பி போன்ல, "கொடுத்துடலாம்க்கா, இடமாவது மிச்சம்"னான். நானும் சரின்னுதான் இருந்தேன். அம்மா மட்டும், "அந்த சுப்ரபாதம் ரெக்கார்டை எடுத்து வச்சுக்கலாமாடி?"ன்னு கேட்டாங்க. அந்தக் குரலைக் கேட்டதும் வந்தவரை "அடுத்த வாரம் சொல்றோம்"னு அனுப்பிட்டேன்.

இந்த இடத்துல ஒரு சட்ட விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாம போனா அவர் சொத்துல மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பாவோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் உண்டு. இது வீடு, நிலத்துக்கு மட்டும் இல்ல, பரண்ல இருக்கற பெட்டிக்கும் பொருந்தும். பிள்ளைங்க ரெண்டு பேர் போன்ல பேசி முடிவு பண்ற விஷயம் இல்ல. முதல்ல அம்மாவைக் கேட்கணும். ஆடிட்டரான நானே அதை மறந்துட்டேன்.

அடுத்த தப்பும் நான்தான் பண்ணேன். ஆர்வத்துல அன்னைக்கு ராத்திரியே பிளேயரைத் துடைச்சு, பிளக்கைச் சொருகி, எம்.எஸ். அம்மாவோட சுப்ரபாதத்தைப் போட்டுட்டேன். பெல்ட் தளர்ந்து வேகம் இழுத்துச்சு. அதைவிட மோசம், ஊசி. பல வருஷத் தேய்மானம், முனை உடைஞ்சிருக்கு. கரகரன்னு சத்தம் வந்தப்புறம்தான் தூக்கினேன். தேய்ஞ்ச ஊசி தட்டோட பள்ளத்தைச் செதுக்கிடும். அந்தச் சேதத்தை எந்த மெக்கானிக்காலும் சரி பண்ண முடியாது. முதல் ரெண்டு நிமிஷம் இன்னைக்கும் கரகரப்போடதான் பாடுது.

அதனால முதல் விதி: புது ஊசி போடாம ஒரு ரெக்கார்டைக்கூட வைக்காதீங்க.

நான் செஞ்ச செலவு இது:

- பெல்ட்: ரூ.600
- மோட்டார் சுத்தம், எண்ணெய், கூலி: ரூ.2,500
- கார்ட்ரிட்ஜ், ஊசியோட: ரூ.4,500
- போனோ ப்ரீ-ஆம்ப்: ரூ.2,400
- ஆம்ப் உள்ளேயே இருக்கற சின்ன ஸ்பீக்கர்: ரூ.4,000

மொத்தம் ரூ.14,000. ப்ரீ-ஆம்ப் எதுக்குன்னா, மேக்னெட் கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்பச் சின்னது. தவிர, ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டுவாங்க. அதைத் திரும்ப நேர் பண்ற வேலை இந்தப் பெட்டியோடது.

பணம் வீணாகாம இருக்க இன்னும் மூணு விஷயம்:

1. ஊசியோட அழுத்தம் கம்பெனி சொன்ன கிராம் அளவுலயே இருக்கணும். குறைச்சா தட்டுக்கு நல்லதுன்னு நினைக்காதீங்க, ஊசி குதிச்சும் பள்ளம் கெடும்.
2. 78 வேகத்துல ஓடற பழைய அரக்குத் தட்டுக்கு பள்ளம் அகலம், அதுக்குத் தடிமனான வேற ஊசி வேணும். அதை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சீங்கன்னா அரக்கு கரைஞ்சிடும்.
3. அமெரிக்காவுல இருந்து செகண்ட் ஹேண்ட் பிளேயர் கொண்டு வர்றவங்க கவனிங்க. அங்க 60 ஹெர்ட்ஸ் கரண்ட், இங்க 50. பழைய ஏசி மோட்டார் மாடலா இருந்தா வோல்டேஜை மட்டும் மாத்தினா போதாது. 33 வேகத்துல ஓட வேண்டியது 28-க்குக் கிட்டதான் ஓடும்.

இப்போ முக்கியமான கணக்கு. அம்மா வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் கேட்கறாங்க. அஞ்சு வருஷத்துக்கு 520 மணி நேரம். நடுவுல ஒரு தடவை ஊசி மாத்த ரூ.2,000 சேர்த்தா மொத்தம் ரூ.16,000. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 31 ரூபாய்.

"இதையே மியூச்சுவல் ஃபண்டுல போட்டிருந்தா?"ன்னு கேட்பீங்க, தெரியும். 12% வளரும்னு வச்சுக்கிட்டா அஞ்சு வருஷத்துல சுமார் ரூ.28,200. அந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தாகூட மணிக்கு 54 ரூபாய்தான். வாங்கி வச்சுட்டு வருஷத்துக்கு நாலு மணி நேரம் மட்டும் கேட்டா? அதே கணக்குல மணிக்கு 1,400 ரூபாய் தாண்டிடும். அதனால "இது என்ன விலைக்குப் போகும்?"னு கேட்கறதுக்கு முன்னாடி "யார் கேட்கப் போறாங்க, எத்தனை மணி நேரம்?"னு கேளுங்க.

ஏன் இன்வெஸ்ட்மென்ட் இல்லைன்னு சொல்றேன்? வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது, விலைக்கு ஒரு பொதுவான சந்தையும் கிடையாது. சுப்ரபாதம், திருவிளையாடல் கதை வசனம் மாதிரி ரெக்கார்டு எத்தனையோ வீட்ல இருந்துச்சு. நமக்குப் பிடிச்சதுங்கறதாலயே விலை ஏறாது. கம்மியா அச்சாகி, கீறல் இல்லாம, அட்டையோட இருக்கறதுக்குத்தான் சேகரிக்கறவங்க கூடுதலா கொடுப்பாங்க. நம்ம ஊர் வெயில்லயும் ஈரத்துலயும் அட்டை பூஞ்சை பிடிக்கும், படுக்க வச்சு அடுக்கினா தட்டு வளையும். நிமிர்த்தி வைங்க.

விக்கறதுன்னே முடிவு பண்ணா, மொத்தமா கொடுக்காதீங்க. லேபிள், வருஷம், நிலைமை எழுதி ஒரு பட்டியல் போடுங்க. நான் போட்டேன். யாரும் கேட்காத 22 ரெக்கார்டைத் தனித்தனியா வித்தேன், 9,000 வந்துச்சு. மொத்தத்துக்கும் அவர் சொன்ன விலை 12,000! வரி? சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த இந்த மாதிரி அசையும் பொருளை வித்தா கேபிடல் கெயின்ஸ் வராது. நகை, ஓவியம், சிற்பத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதே நேரம் வாங்கி வாங்கி விக்க ஆரம்பிச்சா அது பிசினஸ் வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும்.

கடைசியா ஒண்ணு. கிரெடிட் கார்டு பாக்கி இருக்கறவங்க, எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாதவங்க இந்தச் செலவைத் தள்ளிப் போடுங்க. இஎம்ஐ-ல பிளேயர் வேண்டவே வேண்டாம். பரண்ல இத்தனை வருஷம் இருந்தது இன்னும் ஆறு மாசம் இருக்கும்.

இப்போ மிச்சம் 118 ரெக்கார்டு அம்மா ரூம்ல நிமிர்ந்து நிக்குது. சனிக்கிழமை காலையில போன் பண்ணா, "அப்புறம் பேசறேன், தட்டைத் திருப்பிப் போடணும்"னு வச்சுடறாங்க.

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு? விக்கறதுக்கு முன்னாடி வீட்ல பெரியவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறம் எனக்குச் சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.